வேலை போகும்போது சம்பளத்தோடு வேறென்ன போகிறது?

ஐடி வேலை போய் ஊருக்கு வந்திருப்பவரிடம் எல்லோரும் முதலில் கேட்பது பணத்தைப் பற்றித்தான். லோன் எவ்வளவு பாக்கி, செட்டில்மெண்ட் வந்ததா, கையிருப்பு எத்தனை மாதத்துக்குத் தாங்கும்? கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் ஆறு மாதச் செலவுக்குப் பணம் வைத்திருப்பவர்கூட ஏன் காலை பதினொரு மணி வரை கட்டிலை விட்டு எழ முடியாமல் கிடக்கிறார், ஏன் முக்குக் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் பால் வாங்கி வரவே கூசுகிறார் என்பதற்கு அந்தக் கேள்விகளில் பதில் கிடையாது. பணக் கவலை உண்மையானது. அதோடு இன்னொரு வலியும் இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது, அதை எப்படிக் கையாளலாம் என்பதை, இந்த நிலைக்கு முதன்முறையாக வந்திருப்பவருக்குப் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இதைப் பேச வேண்டிய தேவை கொஞ்சம் கூடுதல். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த மாவட்டம் இது. பிள்ளையை இன்ஜினீயரிங் படிக்க வைக்க நகையை அடகு வைத்த வீடுகளும், பத்து சென்ட் விளையை, அதாவது தோட்ட நிலத்தை விற்ற வீடுகளும் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. ஆனால் அந்தப் படிப்புக்கேற்ற வேலை ஊருக்குள் குறைவு. சென்னை, பெங்களூரு, இல்லையென்றால் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் டெக்னோபார்க் என்று போய்விடுகிறார்கள். அதனால்தான் 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் மைக்ரோசாஃப்ட் 10,000 பேரையும் குறைப்பதாக அறிவித்தபோதும், 2025 ஜூலையில் ஐடி நிறுவனமான டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதத்தை, அதாவது ஏறக்குறைய 12,000 பேரைக் குறைக்கப் போவதாகச் சொன்னபோதும், தக்கலையிலும் குலசேகரத்திலும் அம்மாக்கள் பிள்ளைகளுக்குப் போன் போட்டு, "உனக்கு ஒண்ணும் இல்லியே மக்ளே?" என்று கேட்டார்கள்.

வேலையின்மை மனிதர்களை உள்ளே என்ன செய்கிறது என்பதை மிக நுணுக்கமாகக் கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. ஆஸ்திரியாவில், வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியன்தால் என்ற சிறிய ஊர். சுமார் 1,500 பேர். ஊரே ஒரு நெசவாலையை நம்பி வாழ்ந்தது. 1930 வாக்கில், உலகப் பொருளாதாரச் சரிவில் அந்த ஆலை மூடப்பட்டு, ஏறக்குறைய ஊர் முழுவதும் வேலையில்லாமல் ஆனது. மரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் என்ற இளம் ஆய்வாளர்கள் தங்கள் குழுவோடு அங்கே போனார்கள். கேள்வித்தாள் நீட்டியதோடு நிற்கவில்லை. ஊர்க்காரர்களுக்குத் துணி கொடுத்தார்கள், மருத்துவ உதவி ஏற்பாடு செய்தார்கள், தையல் வகுப்பு நடத்தினார்கள். பழகிக்கொண்டே பார்த்தார்கள். 1933ல் முடிவுகள் வெளியாயின.

அவர்கள் பார்த்ததில் பல இன்று படித்தாலும் உலுக்கும். வேலை இல்லாதவர்களுக்குத்தான் நேரம் நிறைய இருக்கிறதே, படிப்பார்கள் என்று நாம் நினைப்போம். அந்த ஊர் நூலகத்திலோ புத்தகம் எடுப்பது இரண்டே வருடத்தில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டது. கட்டணத்தை நீக்கியும் பயனில்லை. தெருவில் ஆண்கள் நடக்கிற வேகத்தைக்கூட ஜன்னலில் இருந்து அளந்தார்கள். பெண்களைவிட ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், வழியில் அடிக்கடி நின்றார்கள். பலர் கைக்கடிகாரம் கட்டுவதை விட்டிருந்தார்கள். இன்று என்ன செய்தீர்கள் என்று மணிவாரியாக எழுதச் சொன்னால் காலை எழுந்தது, மதியம் சாப்பிட்டது, இரவு படுத்தது தவிர ஆண்களுக்கு எழுத ஒன்றும் இருக்கவில்லை. நடுவில் இருந்த மணிநேரங்கள் எங்கே போயின என்று அவர்களுக்கே தெரியவில்லை.

வேலை போன ஒருவர் மூன்றாவது வாரத்தில் நாள் முழுக்கப் போனைத் தள்ளிக்கொண்டே கிடந்துவிட்டு, 'நான் இவ்வளவு சோம்பேறியா?' என்று தன்னையே திட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். சோம்பேறித்தனம் இல்லை அது. தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் வேறொரு கண்டத்தில் ஒரு முழு ஊருக்கே நடந்ததுதான் அது.

பின்னாளில் இங்கிலாந்தில் குடியேறிய யஹோடா, இதையெல்லாம் சேர்த்து ஒரு எளிய கருத்தாக 1980களில் வகுத்துச் சொன்னார். வேலை வெளிப்படையாகத் தருவது சம்பளம். ஆனால் நாம் கவனிக்காமலேயே இன்னும் ஐந்து விஷயங்களை அது தந்துகொண்டிருக்கிறது. நாளுக்கு ஒரு நேர ஒழுங்கு. வீட்டாரைத் தாண்டிய மனிதர்களோடு அன்றாடப் பழக்கம். தனி ஆளால் முடியாத பெரிய காரியம் ஒன்றில் பங்கு. இன்னார் என்று சொல்லிக்கொள்ள ஓர் அடையாளம், ஊரில் ஒரு மதிப்பு. தினமும் எதையாவது செய்தே ஆக வேண்டும் என்கிற கட்டாயம். வேலை போனால் ஆறும் ஒரே நாளில் போகின்றன. நமக்குக் கணக்குத் தெரிவது முதலாவதற்கு மட்டும்தான். மற்ற ஐந்துக்கும் கணக்கே இல்லாததால், ஏன் இப்படி வலிக்கிறது என்று தெரியாமல் திணறுகிறோம்.

இந்தக் கருத்து புத்தகத்தில் மட்டும் இருப்பதல்ல. நம் கடற்கரைக்குப் போனால் கண்ணால் பார்க்கலாம். கிழக்கு, மேற்கு என்று இரண்டு கடற்கரைக்கும் சொந்தமான மாவட்டம் என்பதால் மீன்பிடித் தடைக்காலம் இங்கே இரண்டு தடவை வரும். சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த இரண்டு மாதமும் வருமானம் அடிபடுகிறது. அரசு தரும் நிவாரணத் தொகை எந்த மூலைக்கு? கஷ்டம்தான். ஆனால் துறைமுகத்துக்குப் போய்ப் பாருங்கள். படகைக் கரையேற்றிப் பெயிண்ட் அடிப்பார்கள், இன்ஜினைப் பிரித்துப் பார்ப்பார்கள், வலை பின்னுவார்கள். நாலைந்து பேர் வலையைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டே கிழிசலை முடிச்சுப் போட்டுச் சரிசெய்வார்கள். "இப்பம் என்ன பண்ணுகே?" என்று கேட்டால் "தடைக்காலமாக்கும்" என்பார்கள். சொல்வதில் கூச்சம் இருக்காது. வருமானம் போனாலும் மற்ற ஐந்தும் பெரும்பாலும் அவர்களிடமே இருக்கின்றன. எழுந்து போக ஓர் இடம், கூட ஆட்கள், சேர்ந்து செய்யும் வேலை, மீனவர் என்ற அடையாளம், கைக்குப் பணி. எல்லாவற்றுக்கும் மேலே, முடியும் தேதி ஒன்று இருக்கிறது.

ஐடியில் வேலை போனவருக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது. காலை பத்தரைக்குத் திடீரென்று ஒரு மீட்டிங் அழைப்பு வருகிறது. ஹெச்ஆர் பத்து நிமிடம் பேசுகிறார். மத்தியானத்துக்குள் மெயில் திறக்காது, டீம் சாட் திறக்காது. ஐந்து வருடமாக ஒன்றாகச் சாப்பிட்டவர்களிடம் போய்வருகிறேன் என்று சொல்லக்கூட வழியில்லை. முடியும் தேதியும் தெரியாது. எல்லோருக்கும் பொதுவாக வந்ததல்ல, தனக்கு மட்டும் வந்தது என்ற நினைப்பு வேறு.

அதைவிடக் கொடுமை, இந்த இழப்புக்குத் துக்கம் கொண்டாட நமக்கு வழக்கமே இல்லை. ஒரு வீட்டில் சாவு என்றால் ஊரே துட்டி கேட்க வரும். பக்கத்து வீட்டில் இருந்து கஞ்சி வரும். பதினாறு நாள் யாரும் அந்த வீட்டாரிடம் 'அடுத்து என்ன பிளான்?' என்று கேட்க மாட்டார்கள். வேலை போனவரிடம் அன்றைக்கு ராத்திரியே கேட்டுவிடுகிறோம். இழப்பு என்றே மற்றவர்கள் ஒப்புக்கொள்ளாத இழப்புகளைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1980களின் கடைசியில் எழுதினார். அழுவதற்கு ஊர் அனுமதி தராத துக்கம், தீராமல் உள்ளே தங்கிவிடும் என்பது அவர் சொன்னதன் சாரம். ஆகவே முதல் இரண்டு வாரம் அழுகை வந்தால் அழுங்கள். கோபம் வந்தால், யாரையும் காயப்படுத்தாமல் கோபப்படுங்கள். ரெஸ்யூமே அடுத்த வாரம் திருத்திக்கொள்ளலாம்.

சரி, போன ஐந்தையும் எப்படித் திரும்பக் கொண்டுவருவது? ஒரேயடியாக முடியாது, தேவையும் இல்லை. யாருக்கு எது அதிகம் வலிக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. என் அனுபவத்தில் பெரும்பாலானவர்களுக்கு முதலில் கைவைக்க வேண்டியது நேரத்தில்தான், ஏனென்றால் அது சரிந்தால் மற்ற நான்கும் கூடவே சரிகின்றன.

நேரத்துக்குப் பெரிய டைம்டேபிள் போட வேண்டாம். போட்டால் மூன்றாம் நாள் உடையும், அதுவும் ஒரு தோல்வியாக மனதில் ஏறும். இரண்டே ஆணி அடித்தால் போதும். எழுந்திருக்கும் நேரம் ஒன்று, வீட்டை விட்டு வெளியே இறங்கும் நேரம் ஒன்று. ஏழு மணிக்கு எழுந்து, பத்து மணிக்குள் எப்படியாவது வாசல் தாண்டிவிட வேண்டும். நாகர்கோவிலில் இருப்பவர் மாவட்ட மைய நூலகத்துக்குப் போகலாம், லேப்டாப்பை எடுத்துக்கொண்டு. மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கம் என்றால் கிளை நூலகம், நண்பனின் கடை மாடி, எதுவானாலும் சரி. வேலை தேடுவதற்கும் ஒரு எல்லை வையுங்கள். காலையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து விண்ணப்பித்துவிட்டு, மூடி வைத்துவிட வேண்டும். ராத்திரி ஒரு மணிக்கு லிங்க்ட்இன்னைத் திறந்து யாருக்கெல்லாம் புது வேலை கிடைத்திருக்கிறது என்று பார்ப்பது வேலை தேடுவது ஆகாது. அது காயத்தை நோண்டுவது. இன்னொன்று, மனசு சரியானதும் எழுந்து வேலை பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள். மனச்சோர்வுக்குச் சிகிச்சை தருகிறவர்கள் பயன்படுத்தும் முறைகளில் ஒன்றே இதைத் தலைகீழாகச் செய்வதுதான். முதலில் சின்னச் செயல், மனநிலை பின்னால் வரும்.

மனிதர்களோடு பழகுவது ஊரில் சுலபம் என்று தோன்றும். சுற்றிலும் சொந்தக்காரர்கள். ஆனால் வேலை போய் ஊரில் இருப்பவர்கள் சொல்லும் தனிமை வேறு மாதிரியானது. புரொடக்‌ஷன், அதாவது வாடிக்கையாளர் பயன்படுத்தும் மென்பொருள், இறங்கிப்போன ராத்திரியைப் பற்றிப் பேச ஆள் வேண்டும். "டேய், அந்த டெப்ளாய்மெண்ட் ஞாபகம் இருக்கா?" என்று கேட்க ஒருத்தர் வேண்டும். ஆகவே பழைய டீமில் நெருக்கமாக இருந்த இரண்டு பேருக்காவது நீங்களாகவே போன் செய்யுங்கள். அவர்கள் பேசாமல் இருப்பது பெரும்பாலும் அலட்சியத்தால் அல்ல. என்ன சொல்வது என்று தெரியவில்லை, தங்கள் வேலை மிச்சமிருக்கிறதே என்ற குற்ற உணர்வு வேறு.

பெரிய காரியத்தில் பங்கு என்பதும், கைக்கு வேலை என்பதும் ஊரில் எளிதாகக் கிடைக்கும். பக்கத்து வீட்டு பிளஸ் டூ பிள்ளைகள் நாலு பேருக்குச் சனிக்கிழமை கணக்கு சொல்லிக் கொடுக்கலாம். கோயில் கொடைக்கோ சர்ச் திருவிழாவுக்கோ வரவு செலவை எக்செலில் ஏற்றித் தரலாம். அப்பாவோடு விளைக்குப் போய் ரப்பர் பால் எடுத்து, உறைய வைத்து, ஷீட் அடித்துக் காயப்போடலாம். தன் கையால் எடுத்த பால் ஷீட்டாகக் கொடியில் தொங்குவதைப் பார்ப்பது, பதில் வராத அறுபது விண்ணப்பங்களுக்கு நடுவே பெரிய ஆறுதல். செய்தது கண் முன்னால் இருக்கிறது.

அடையாளம்தான் எல்லாவற்றிலும் கடினம். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஒரு வீட்டை எனக்குத் தெரியும். மார்த்தாண்டத்தில் இருந்து உள்ளே போகிற ஒரு ஊர். மகன் பெங்களூரில் இருந்து வந்து மாடி அறையில் 'ஒர்க் ஃப்ரம் ஹோம்' பார்த்துக்கொண்டிருந்தான். காலை ஒன்பது மணிக்குச் சட்டை மாற்றிக் கதவைச் சாத்துவான். ஹெட்செட் கழுத்தில் தொங்கும். பதினொரு மணிக்கு அம்மா சாயாவும் பழம்பொரியும் கொண்டுவந்து, மகன் மீட்டிங்கில் இருப்பான் என்று கதவைத் தட்டாமல் வாசலில் உள்ள ஸ்டூலில் வைத்துவிட்டு, சத்தம் வராமல் படி இறங்குவார். உள்ளே மீட்டிங் எதுவும் இல்லை. வேலை போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அம்மாவின் காலடி இறங்கிப் போகும் வரை அவன் ஆங்கிலத்தில் ஏதோ பேசுவதுபோல் பேசிக்கொண்டிருப்பான். பின்னால் அவன் சொன்னான்: வேலை போனதுகூடத் தாங்க முடிந்தது, அந்தச் சாயாவை எடுத்துக் குடிப்பதுதான் முடியவில்லை.

இப்படி மறைப்பவர்கள் நிறையப் பேர். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இந்த மாவட்டத்தில் பிள்ளையின் வேலை பிள்ளைக்கு மட்டும் சொந்தமானதல்ல. அப்பா டீக்கடையில் சொல்லும் பெருமை அது, தங்கை கல்யாணப் பேச்சில் வரும் ஒரு வரி அது. ஆனால் மறைப்பதற்குச் செலவாகும் சக்தியைக் கணக்குப் பாருங்கள். நாள் முழுக்க நடிக்க வேண்டும். உதவி கேட்க முடியாது. நாகர்கோவிலில் இருக்கும் சித்தப்பா மகனுக்குத் தெரிந்த கம்பெனியில் ஆள் எடுத்தாலும் உங்களிடம் சொல்ல மாட்டான், உங்களுக்குத்தான் வேலை இருக்கிறதே! வீட்டில் ஒருவரிடமாவது முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. அம்மாவிடம் முடியாவிட்டால் அக்காவிடம், மாமாவிடம். கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தால் அந்த வீட்டாருக்கும் நேராகச் சொல்லிவிடுவது நல்லது. பின்னால் தெரிந்தால் வேலை போனது பெரிய விஷயமாக இருக்காது, மறைத்ததுதான் பெரிய விஷயமாகும்.

ஊர்க்காரர்களுக்கு அவ்வளவு விளக்கம் தேவையில்லை. பஸ் ஸ்டாப்பில் யாராவது கேட்பார்கள், "எப்பம் வந்த மக்ளே? லீவு எத்தன நாளு?" அந்தக் கேள்விக்குப் பயந்தே வெளியே போகாமல் இருப்பவர்கள் உண்டு. பதிலை முன்பே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். "கம்பெனியில ஆள் கொறச்சாங்க மாமா. வேற பாத்துட்டிருக்கேன். ஒங்க முட்டுவலி இப்பம் எப்படி இருக்கு?" அவ்வளவுதான். வாய்விட்டு இரண்டு தடவை சொல்லிப் பழகினால் தொண்டை அடைக்காது. பெரும்பாலானவர்கள் முட்டுவலிக்குப் போய்விடுவார்கள்.

அடுத்தது, 'நான் நன்றாக வேலை செய்திருந்தால் என்னை வேலையை விட்டு அனுப்பியிருக்க மாட்டார்களே' என்ற நினைப்பு. ராத்திரி மூன்று மணிக்கு வருவது இதுதான். இதற்கு ஆறுதல் சொல்வதைவிடக் காரணம் சொல்வது பயன்படும். 2020, 2021 கொரோனாக் காலத்தில் எல்லாமே ஆன்லைனுக்கு மாறியபோது கம்பெனிகள் ஆட்களை அள்ளி எடுத்தன. கடன் அன்று மிக மலிவு. அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி விகிதம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தது. 2022 மார்ச்சில் இருந்து அது ஏறத் தொடங்கி, 2023 ஜூலைக்குள் 5 சதவீதத்தைத் தாண்டியது. பணம் விலை உயர்ந்ததும் முதலீட்டாளர்கள் லாபத்தைக் கேட்டார்கள், வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் புராஜெக்டுகளை நிறுத்தினார்கள். புராஜெக்ட் நின்றால் அதில் இருந்தவர்கள் பெஞ்சுக்கு, அதாவது புராஜெக்ட் இல்லாமல் சம்பளத்தில் காத்திருக்கும் நிலைக்கு, வந்தார்கள். பெஞ்சில் இருந்தவர்களின் பெயர்கள் ஆட்குறைப்புப் பட்டியலில் ஏறின. வாஷிங்டனில் முடிவான வட்டிக்கும் திங்கள்சந்தையைச் சேர்ந்த ஒரு டெஸ்டருக்கும் நடுவே இப்படி ஒரு சங்கிலி. நல்ல ரேட்டிங் வாங்கியவர்களும் போனார்கள், சம்பளம் கூட என்பதற்காகவே சீனியர்களும் போனார்கள். உங்கள் திறமையில் குறையே இருக்காது என்று சொல்ல வரவில்லை. கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கலாம். ஆனால் அதை ஒரு மாதம் கழித்து, பகல் வெளிச்சத்தில், ஒரு பேப்பரில் எழுதிப் பாருங்கள். ராத்திரி மூன்று மணிக்கு வரும் தீர்ப்பை ஏற்காதீர்கள்.

இங்கே இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். பல இடங்களில் வேலையை விட்டு அனுப்புவதாகச் சொல்வதில்லை. 'நீங்களே ராஜினாமா செய்துவிடுங்கள், ரிலீவிங் லெட்டர் சுத்தமாக வரும்' என்கிறார்கள். பயத்தில் கையெழுத்துப் போட்டு வந்தவர், பின்னால் தானே தன் வேலையை விட்டுவிட்டதாகக் குமைகிறார். 'எதிர்த்து நின்றிருக்கலாமோ' என்று மாதக்கணக்கில் ஓடும். மூடிய அறையில், பத்து நிமிட அவகாசத்தில், அடுத்த வேலைக்கான காகிதத்தைக் காட்டி வாங்கிய கையெழுத்து அது. அதை உங்கள் கோழைத்தனத்தின் கணக்கில் எழுதாதீர்கள்.

இப்படி உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும் நினைப்புகளுக்கு, ஆய்வில் பயன் தெரிந்த ஒரு எளிய வழி உண்டு. எழுதுவது. அமெரிக்காவில் டல்லாஸ் நகரில் ஒரு கணினி நிறுவனம் வேலையை விட்டு அனுப்பிய, நடுவயது தாண்டிய 60-க்கும் மேற்பட்டவர்களிடம், பெரும்பாலும் பொறியாளர்கள், ஜேம்ஸ் பென்னிபேக்கரும் அவருடன் இருந்தவர்களும் இதைச் சோதித்து 1994ல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியினரை ஐந்து நாள், நாளுக்கு 20 நிமிடம், வேலை போனதைப் பற்றிய மிக ஆழமான எண்ணங்களை மறைக்காமல் எழுதச் சொன்னார்கள். இன்னொரு பகுதியினர் அன்றாடத் திட்டங்களைப் பற்றி எழுதினார்கள். மனதைக் கொட்டி எழுதியவர்களில் கூடுதல் பேருக்கு அடுத்த சில மாதங்களில் வேலை கிடைத்தது. அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக விண்ணப்பிக்கவும் இல்லை. கோபம் தணிந்து இன்டர்வியூவில் உட்கார்ந்ததுதான் வித்தியாசம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். நோட்டில், தமிழில், பிழை பார்க்காமல் எழுதுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம். எழுதி முடித்துக் கிழித்துப் போட்டாலும் சரி.

வீட்டில் இருப்பவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். "கவர்மெண்ட் பரீட்சை எழுது", "கல்ஃபுக்குப் போ", "அந்த வீட்டுப் பையனுக்கு மட்டும் எப்படி வேலை போகல?" இதெல்லாம் அக்கறையில் வருவதுதான், ஆனால் கேட்பவருக்கு ஒவ்வொன்றும் ஒரு அடி. பேசாமலும் இருக்க முடியாது, வீட்டு நிலைமை அப்படி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் என்று ஒதுக்குங்கள். வேலை, பணம், லோன் எல்லாவற்றையும் அப்போது பேசுங்கள். மற்ற ஆறு நாளும் அந்தப் பேச்சு வேண்டாம். சாப்பாட்டு இலைக்கு முன்னால் நிச்சயமாக வேண்டாம். மரச்சீனியும் மீன்கறியும் வைத்துவிட்டுச் சும்மா கூட உட்கார்ந்திருந்தாலே பாதிப் பாரம் இறங்கும்.

வேலை போனது பெண்ணுக்கு என்றால் கதை வேறு மாதிரி நடக்கிறது, அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. "போனா போட்டும், வீட்டப் பாத்துக்கோ" என்று முடித்துவிடுவார்கள். அவளது இழப்பு ஆறுதலுக்குக்கூட உரியதாக ஆவதில்லை. காலையில் இருந்து சமையல், பிள்ளைகள், மாமியாரின் ஆஸ்பத்திரி என்று நேரம் தானாகவே நிரம்பிவிடும். அதனால் அவளுக்கு ஒன்றும் போகவில்லை என்று வெளியே தெரியும். மரியன்தாலிலும் பெண்களின் நாள் வீட்டு வேலையால் நிறைந்துதான் இருந்தது. ஆனாலும் ஆலை திறந்தால் முதலில் ஓடுவேன் என்று அவர்களில் பலர் சொன்னார்கள். பணத்துக்காக மட்டுமல்ல. நாலு பேரோடு இருக்க, தனக்கென்று ஓர் இடம் இருக்க. நேரம் நிறைந்திருப்பவருக்கு மற்ற நான்கும் காலியாக இருக்கலாம். ஆகவே வேலை இழந்த பெண்ணுக்குத் தேவை, தினமும் மூன்று மணி நேரம் யாரும் கூப்பிடாத ஓர் அறை. வேலை தேடவும், படிக்கவும், சும்மா யோசிக்கவும். அதை அவள் கேட்கும் முன்னே கணவனோ அம்மாவோ ஏற்பாடு செய்து கொடுத்தால் நல்லது.

இவ்வளவும் செய்தும் சிலருக்கு நகராது. அது தோல்வி அல்ல, வேறு உதவி தேவை என்பதற்கான அடையாளம். இரண்டு வாரத்துக்கு மேலாக ஏறக்குறைய தினமும் மனம் இருண்டே இருக்கிறது, முன்பு பிடித்த எதிலும் ஆர்வம் இல்லை, தூக்கமும் பசியும் தாறுமாறாகிவிட்டன, குடி கூடிக்கொண்டே போகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். ஆசாரிப்பள்ளம் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பதில் இல்லாத வெட்கம் இதில் மட்டும் எதற்கு? நேரில் போகத் தயக்கம் என்றால் 14416க்குப் போன் செய்யலாம். டெலி மானஸ் என்ற மத்திய அரசின் இலவச மனநல உதவி எண் அது, 2022ல் தொடங்கியது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது. 'நான் இல்லாவிட்டால் வீட்டுக்குப் பாரம் குறையும்' என்பது மாதிரி ஒரு நினைப்பு ஒரு தடவை வந்தாலும், அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள், அந்த எண்ணை அழையுங்கள். வீட்டில் ஒருவர் அப்படிப் பேசினால் "சும்மா சொல்றான்" என்று விடாதீர்கள். சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்டால்தான் அவருக்கு வாய் திறக்க வழி கிடைக்கும். அன்று அவரைத் தனியே விட வேண்டாம்.

கடைசியாக, புது வேலை கிடைத்த பிறகு வரும் ஒரு விஷயம். ஆஃபர் லெட்டர் வந்த அன்று எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆனால் புது மேனேஜர் காரணம் சொல்லாமல் பதினைந்து நிமிட மீட்டிங் வைத்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். டீமில் யாராவது திடீரென்று சாட்டில் காணாமல் போனால் அன்று வேலை ஓடாது. பல மாதம் வரை இது இயல்பு, பயப்பட வேண்டாம். மேனேஜரிடம் "மீட்டிங் எதைப் பற்றி என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்" என்று கேட்டுக்கொள்வதில் தப்பே இல்லை, பலர் சந்தோஷமாகச் செய்வார்கள். அதோடு, வேலையில்லாத மாதங்களில் நீங்களாக அமைத்துக்கொண்ட ஏதாவது ஒன்றையாவது விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை கணக்கு வகுப்பு என்றால் பெங்களூரு போன பிறகும் வீடியோ காலில் அதை நடத்தலாம். பழைய டீமின் அந்த இரண்டு பேரோடு மாதம் ஒரு தடவை பேசலாம். அவர்களில் ஒருவருக்கு அடுத்த முறை அந்தப் பத்தரை மணி அழைப்பு வந்தால், முதலில் போன் செய்ய உங்கள் நம்பர் அவரிடம் இருக்கும்.